மாமா முதுகில் ஆறு திருகாணிகள்

மலர்க் குழுவினர் போன் செய்து, "இந்த வருஷ மலருக்கு நீ ஒரு கட்டுரை தரணும். ஹாஸ்டல் சாம்பார், கட் அடிச்சுப் பார்த்த சினிமா எல்லாம் வேண்டாம். போன தடவையே ஏழு பேர் அதை எழுதிட்டாங்க. ஏதாவது வரலாறு எழுது" என்று உத்தரவு போட்டார்கள். வரலாறு எனக்குப் பள்ளியிலேயே தகராறு. ராஜாக்கள் வரும் பக்கங்களைத் திருப்பியதும் தூக்கம் வந்துவிடும். ஆனாலும் ஒரே ஒரு வரலாறு எனக்குத் தெரியும். பாதியைப் பிழைப்புக்காகக் கற்றுக்கொண்டேன். மீதியை வீட்டில் வந்த கஷ்டம் கற்றுக்கொடுத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. நம் கல்லூரியில் இ.சி.இ. முடித்துவிட்டு, எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன். இதைப் படித்துவிட்டு சந்திப்பு அன்று யாரும் என்னிடம் முதுகைக் காட்ட வேண்டாம்.

என்னோடு படித்தவர்களுக்கு நினைவிருக்கும், நான் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. நாடு சுதந்திரம் அடைந்து ஒரு தலைமுறை வளர்ந்த பிறகுதான் எங்களுக்குக் கவர்ன்மென்ட் என்ற ஒன்று வந்து சேர்ந்தது என்று என் அப்பா சொல்வார். முதல் வருஷம் ஹாஸ்டலில் "உங்க மலையில கரண்ட் இருக்கா?" என்று கேட்டவர்கள் மூன்று பேர். பெயர் எழுத மாட்டேன். இப்போது நெருங்கிய நண்பர்கள்.

எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். 2017 மாசியில் என் தாய்மாமா புளியமரத்தில் ஏறினார். ஐம்பது வயசு தாண்டியவர். ஏற வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். கிளை ஒடிந்து, உட்கார்ந்த வாக்கிலேயே கீழே விழுந்தார். கயிற்றுக் கட்டிலில் ரோடு வரைக்கும் தூக்கி வந்து, 108 வண்டியில் ஏற்றி, கள்ளக்குறிச்சியில் முதலுதவி பார்த்து, அங்கிருந்து வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது. மேலும் கீழுமாக டைட்டானியத்தில் ஆறு திருகாணிகளைப் பதித்து, இரண்டு கம்பிகளால் இணைத்தார்கள். ஸ்குரூ, ராடு என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இதைத்தான். கால் இரண்டும் பிழைத்தன. சித்திரை கடைசியில் மாமா நடந்தே மலை ஏறினார். ஆபரேஷன் செய்த டாக்டரின் கைக்குத் தங்கக் காப்பு போடலாம் என்று ஊரே பேசியது.

ஐப்பசி மழையில் வலி ஆரம்பித்தது. வேலை செய்யும்போது வந்த வலி, பிறகு ராத்திரி படுத்தாலும் விடவில்லை. சாயங்காலத்தில் உடம்பு லேசாகச் சுடும். கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஒரு எக்ஸ்ரே எடுத்து, செல்போனில் எனக்கு அனுப்பினார்கள். நான் அப்போது வேறொரு ஊரில் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனிலேயே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பி நேராக இருந்தது. ஆறு திருகாணியும் போட்ட இடத்தில் இருந்தன.

"எல்லாம் சரியா இருக்கு மாமா. மழைக் குளிருக்கு அப்படித்தான் வலிக்கும்" என்றேன்.

"நீ பாத்துட்டியே மாப்ள, அது போதும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையால் ஐந்து மாதம் போயிற்று.

அந்த எக்ஸ்ரேயில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்ற கேள்விதான் என்னை வரலாறு படிக்க வைத்தது. 1895 நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 22 அன்று, தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். உலகப் புகழ் பெற்ற அந்தப் படத்தில் விரல் எலும்புகளைவிட அழுத்தமாகத் தெரிவது அந்த அம்மாள் போட்டிருந்த மோதிரம். மனித உடம்பின் முதல் எக்ஸ்ரேயிலேயே உலோகம் இருந்திருக்கிறது, பாருங்கள்! மோதிரத்துக்குப் பின்னால் இருக்கும் எலும்பு அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. மாமாவின் முதுகுப் பிரச்சினையும் ஏறக்குறைய அதேதான்.

எக்ஸ்ரே மருத்துவம் சென்னையில் சீக்கிரமே வேர் பிடித்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1934-ல் திறக்கப்பட்ட பார்னார்டு கதிரியக்க நிலையம் நம் நாட்டிலேயே பழமையானவற்றுள் ஒன்று. கேப்டன் பார்னார்டு என்ற கதிரியக்க மருத்துவரின் பெயரைத் தாங்கியது. அந்தக் காலத்தில் முதுகெலும்பில் கிருமி என்றாலே காசநோய்தான். எலும்பை அரித்து, முள்ளெலும்புகள் முன்பக்கமாகச் சரிந்து, கூன் விழுந்துவிடும். மருந்து இல்லாத நாளில் பிளாஸ்டர் கட்டிலில் மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். மருந்து வந்த பிறகும், "படுக்க வைக்க வேண்டுமா, ஆபரேஷன் செய்ய வேண்டுமா, மாத்திரை மட்டும் போதுமா?" என்ற சண்டை தீரவில்லை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு கொரியா, ஹாங்காங், ரொடீஷியா (இன்றைய ஜிம்பாப்வே) ஆகிய இடங்களில் இதை ஆராய்ந்தது. 1975-ல் சென்னையிலும் ஆய்வு ஆரம்பமானது. சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையமும் சென்னை எலும்பு மருத்துவர்களும் சேர்ந்து 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டிலிருந்தபடி நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்டவர்கள், பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு எந்த விதத்திலும் சளைக்காமல் குணமானார்கள் என்பது முடிவு. ஏழை ஜனங்களுக்கு இதைவிட நல்ல சேதி எது?

நம்மைப் போன்ற இன்ஜினீயர்கள் கவனிக்க வேண்டியது அந்த ஆய்வின் எக்ஸ்ரேக்களிலிருந்து வந்தது. டாக்டர் எஸ். ராஜசேகரன், பேராசிரியர் டி.கே. சண்முகசுந்தரம் இருவரும் மாத்திரையால் குணமான 90 பேரின் படங்களை அளந்து, 1987-ல் ஒரு கணக்கைச் சொன்னார்கள். ஆரம்பத்தில் எத்தனை முள்ளெலும்பு அளவுக்கு அரித்துப் போயிருக்கிறது என்று பாருங்கள், அதை 30.5-ஆல் பெருக்கி 5.5-ஐக் கூட்டுங்கள், கடைசியில் கூன் எத்தனை டிகிரியில் நிற்கும் என்று கிடைத்துவிடும். ஒரு முழு முள்ளெலும்பு போனால் 36 டிகிரி. அவ்வளவுதான்! நாம் முதல் செமஸ்டரில் போட்ட நேர்கோட்டுச் சமன்பாடு. பிறகு கோவை கங்கா மருத்துவமனையில் பெரும் பெயர் பெற்ற ராஜசேகரன், காசநோய் கண்ட 61 குழந்தைகளை 15 வருஷம் பின்தொடர்ந்து, எந்தக் குழந்தைக்குக் கூன் வளரும் என்று எக்ஸ்ரேயிலேயே முன்கூட்டிக் காட்டும் நான்கு அடையாளங்களை 2001-ல் வெளியிட்டார். சாதாரண எக்ஸ்ரேதான். ஸ்கேன் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. அடிக்கோலும் பென்சிலும் பொறுமையும் இருந்திருக்கின்றன.

ஆக, எக்ஸ்ரேயைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. எலும்பின் தாதுச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் அரிப்பு எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியும். கிருமி வந்த முதல் வாரங்களில் படம் சுத்தமாக இருக்கும். பழைய காசநோயாளிகள் வந்தபோது அரிப்பு முற்றியிருந்தது, அதனால் தெரிந்தது. மாமாவுக்கு ஐப்பசியில் அவ்வளவு அரிப்பு இல்லை. போதாக்குறைக்கு, பார்க்க வேண்டிய இடத்திலேயே உலோகம் நின்றது.

முதுகுக்குள் உலோகம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்ற டாக்டரிடம் 1950-களில் போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். அவர் எஃகுக் கம்பியும் கொக்கியும் வைத்து முதுகை நிமிர்த்தும் முறையை உருவாக்கி 1962-ல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1963-ல், பாரிஸில் ரேமண்ட் ராய்-கமீல் முள்ளெலும்பின் பின்பக்கக் காம்பு வழியாகவே திருகாணியை இறக்கினார். மாமா முதுகில் இருந்ததெல்லாம் அந்த வம்சம்தான். இன்று விபத்து, புற்றுநோய், வளைவு, காசநோய் எல்லாவற்றுக்கும் திருகாணி போடுகிறார்கள். எத்தனையோ பேர் படுக்கையிலிருந்து எழுந்தது அதனால்தான்.

கூடவே ஒரு தொல்லையும் வந்தது. உடம்புக்குள் வைத்த எந்த உலோகத்தின் மேலும் சில கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒரு படலம் கட்டிக்கொள்ளும். குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பது போல. உள்ளே போய்விட்டால் மருந்தும் எளிதில் எட்டாது, உடம்பின் வெள்ளணுக்களும் எட்டாது. நம் தோலிலேயே சாதுவாக இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் இதில் கெட்டிக்காரக் கிருமி. சீழும் கொதிக்கிற காய்ச்சலும் இல்லாமல், மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் பதுங்கியிருக்கும். காசநோய்க் கிருமி இந்த வேலையில் மட்டம் என்று ஜப்பானியர்கள் 1993-ல் சோதித்துச் சொன்னார்கள். எஃகின் மேல் அது அவ்வளவாக ஒட்டவில்லை. அதனால்தான் காசநோய் பிடித்த முதுகிலேயே துணிந்து திருகாணி போட முடிகிறது. வில்லனாக நாம் பார்ப்பவனைவிடச் சாது வேஷக்காரன் ஆபத்தானவன் என்பது நம் ஊர் சினிமாவுக்குப் பழைய கதைதானே!

2018 பங்குனியில் ஊருக்குப் போனேன். மாமா பாதியாக இளைத்திருந்தார். திண்ணையிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்றினார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

இந்தத் தடவை வேறொரு ஊரில் வேறொரு டாக்டர். அவர் முதலில் எந்தப் படமும் எடுக்கச் சொல்லவில்லை. "ராத்திரியில வலிக்குதா ஐயா? எடை குறைஞ்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னார். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று இரண்டு பரிசோதனைகள். ஆபரேஷன் ஆனால் யாருக்கும் இவை ஏறும். சி.ஆர்.பி. இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய் இரண்டு வாரத்தில் இறங்கிவிடும், ஈ.எஸ்.ஆர். இறங்கச் சில வாரம் கூடுதலாக ஆகும். ஒரு வருஷம் கழித்தும் இரண்டும் ஏறியே இருந்தால் உள்ளே ஏதோ எரிகிறது என்று அர்த்தம். மாமாவுக்கு இரண்டும் ஏறியிருந்தன. சில நூறு ரூபாயில் முடிகிற பரிசோதனை. கள்ளக்குறிச்சியிலேயே ஐப்பசியில் செய்திருக்கலாம். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் கண்ணெல்லாம் படத்தில் இருந்தது.

பிறகுதான் எம்.ஆர்.ஐ. இங்கே கொஞ்சம் என் தொழிலைப் பேச அனுமதிக்க வேண்டும். நடப்பு மாணவர்களுக்குப் பயன்படும். மற்றவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

1973-ல் பால் லாட்டர்பர் காட்டிய தத்துவம் எளிது. காந்தப் புலத்தில் நம் உடம்புத் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ரேடியோ நிலையம். 1.5 டெஸ்லா மெஷினில் அது ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸில் பேசும். புலத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாற்றி வைத்தால், எந்த அலைவரிசையில் குரல் வருகிறதோ அதை வைத்து எந்த இடம் என்று கண்டுபிடித்துப் படம் வரையலாம். இதற்காக லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரண முதுகில் கிருமி வந்தால் எம்.ஆர்.ஐ.யை மிஞ்ச ஆள் இல்லை; எலும்புக்குள் நீர் கோப்பதையும் சீழ்க்கட்டியையும் முன்கூட்டியே காட்டிவிடும். ஆனால் பக்கத்தில் ஒரு திருகாணி இருந்தால் அது தன் பங்குக்குப் புலத்தைக் கலைக்கும். அலைவரிசை மாறிப்போன ஹைட்ரஜனை மெஷின் வேறு இடத்தில் வரைந்துவிடும். படத்தில் கறுப்புக் குழியும் அதன் ஓரத்தில் வெள்ளைக் கீறலும் வரும். விலாசம் மாறிப்போன தபால் மாதிரி. எஃகு என்றால் ரொம்ப மோசம், டைட்டானியம் என்றால் கொஞ்சம் தேவலை. 2009-ல் செமாக், மாவ்ரிக் என்ற இரண்டு முறைகளை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். கலைந்த அலைவரிசைகளையும் பொறுமையாகச் சேகரித்து, தபாலைச் சரியான வீட்டில் சேர்க்கும் முறைகள். எல்லா மெஷினிலும் அவை கிடையாது. தனியாக வாங்க வேண்டிய மென்பொருள். நேரமும் கூடுதலாகப் பிடிக்கும்.

சி.டி. ஸ்கேன் கதை வேறு. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, கிராமபோன் ரிக்கார்டு போட்ட அதே இ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினீயர். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தார். டாக்டர் பட்டம் வாங்காத இன்ஜினீயருக்கு 1979-ல் மருத்துவ நோபல் என்பதை ஒவ்வொரு வருஷமும் ஜூனியர்களிடம் சொல்லிச் சொல்லி நான் அலுத்ததில்லை. சி.டி.யிலும் உலோகம் கதிரை விழுங்கி, படம் முழுக்க நட்சத்திரக் கோடுகளை இழுக்கும். ஆனால் டைட்டானியத்தின் அணு எண் 22, எலும்பிலுள்ள கால்சியத்துக்கு 20, எஃகிலுள்ள இரும்புக்கு 26. டைட்டானியம் எலும்புக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அதனால் கோடுகள் குறைவு. திருகாணியைச் சுற்றியுள்ள எலும்பை ஓரளவு தெளிவாகவே பார்க்கலாம்.

மாமாவின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில், உலோகத்தால் படம் கலங்கியிருப்பதாகவும் தொற்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றும் இருந்தது. சண்டை போட ஆள் தேடினேன். பிறகுதான் அந்தக் கதிரியக்க டாக்டரை மனதுக்குள் கும்பிட்டேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருந்தார். ஐப்பசியில் நான் எழுதிக்கொடுத்த தீர்ப்போடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சி.டி. எடுத்தார்கள். கீழேயிருந்த இரண்டு திருகாணிகளைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தது. நிலா சுற்றிக் கோட்டை கட்டியிருக்குமே, அந்த மாதிரி. எலும்பு திருகாணியைப் பிடித்திருந்த பிடி விட்டுப்போயிற்று என்று அர்த்தம். ஆனால் பிடி விட்டதற்குக் கிருமிதான் காரணமா? வெறும் ஆட்டத்தாலும் பிடி விடும். மரவள்ளிக் கிழங்கு மூட்டையை மாமா தூக்கியிருப்பார் என்று அத்தைக்குச் சந்தேகம் (தூக்கியிருந்தார்). வளையத்தைப் பார்த்து டாக்டரால் "இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடிந்தது.

"இதைவிடப் பெரிய ஸ்கேன் ஏதாச்சும் இருக்கா சார்?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

இருக்கிறது. இதுவரை சொன்ன மெஷின்கள் எல்லாம் உருவத்தைப் பார்ப்பவை. வேலையைப் பார்க்கும் இன்னொரு குடும்பம் உண்டு, அணு மருத்துவம். காலியம்-67 என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றினால் கட்டிகளில் போய்ச் சேர்கிறது என்று 1969-ல் கண்டார்கள். பிறகு கிருமி தாக்கிய இடத்திலும் சேர்வது தெரிந்தது. 1977-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேத்யூ தாக்கூர் என்ற இந்திய விஞ்ஞானியும் அவரது குழுவினரும் நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே வெளியே எடுத்து, இண்டியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசி, திரும்ப உள்ளே அனுப்பினார்கள். கிருமி எங்கேயோ அங்கே வெள்ளணு ஓடும். அதன் பின்னால் கேமரா ஓடும். திருடனைப் பிடிக்கப் போலீஸ்காரர் சட்டையில் விளக்கு கட்டியது போல! கை, கால் எலும்பில் நன்றாக வேலை செய்த இந்த முறை முதுகெலும்பில் ஏமாற்றியது. அங்கே பல சமயம் வெள்ளணு போய்ச் சேராமல், கிருமி இருக்கும் இடமே வெறும் இருட்டாகத் தெரிந்தது. இருட்டுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆகவே பயனில்லை.

கடைசியாக வந்தது பெட் ஸ்கேன். எஃப்.டி.ஜி. என்பது கதிரியக்கம் ஏற்றிய ஒரு சர்க்கரை. எரிகிற இடம் சர்க்கரையை நிறைய இழுக்கும். அது படத்தில் ஒளிரும். 1976 ஆகஸ்டில் முதன்முதலாக மனிதருக்கு இதைக் கொடுத்தபோது, சர்க்கரை தயாரானது நியூயார்க் பக்கத்தில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், நோயாளி இருந்தது ஃபிலடெல்ஃபியாவில். அதிலுள்ள ஃபுளோரின்-18 இரண்டு மணி நேரத்துக்குள், 110 நிமிஷத்தில், பாதியாகக் கரைந்துவிடும். ஆகவே விமானத்தில் பறந்து கொண்டுபோனார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்து, வளைவெல்லாம் சுற்றி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி இறங்கி நிற்பதற்குள் அந்த மருந்தில் பாதிக்கு மேல் காற்றோடு போயிருக்கும். இந்தியாவில் முதல் பெட் ஸ்கேன் வந்தது 2002-ல், மும்பை பரேலிலுள்ள கதிரியக்க மருத்துவ மையத்தில். மருந்து தயாரிக்கச் சைக்ளோட்ரானும் அங்கேயே வைத்தார்கள். இன்று சென்னை, கோவை, வேலூர் என்று நம் பக்கத்துக்கும் வந்துவிட்டது.

திருகாணிக்காரர்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது? பெல்ஜியத்தில் முதுகு ஆபரேஷன் ஆகி, கிருமி இருக்குமோ என்ற சந்தேகத்தில் வந்த 57 பேரைப் பரிசோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். உண்மையிலேயே கிருமி இருந்த 15 பேரையும் பெட் ஸ்கேன் பிடித்துவிட்டது, ஒருவரைக்கூட விடவில்லை. ஆனால் கிருமி இல்லாத 42 பேரில் 8 பேரையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்கிவிட்டது. ஆபரேஷன் புண் ஆறும் இடமும் சர்க்கரை சாப்பிடும். உலோகத்தைச் சுற்றி உடம்பு முணுமுணுத்துக்கொண்டிருந்தாலும் சாப்பிடும். ஸ்கேன் சுத்தம் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒளிர்ந்தால், திரும்பவும் "இருக்கலாம்"தான்.

டாக்டர் இதையெல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். "தம்பி, நீங்க கேக்கறது படத்துல கிருமி தெரியுமான்னு. எந்தப் படத்துலயும் கிருமி தெரியாது. கிருமிக்கு உடம்பு என்ன செய்யுதுன்னுதான் தெரியும். எங்க ஊசி குத்தணும்னு படம் காட்டும். கிருமி பேரை ஊசிதான் சொல்லணும்" என்றார். பதினைந்து வருஷம் மெஷினோடு குடும்பம் நடத்தியும் இப்படி ஒருவர் எனக்குச் சொன்னதில்லை.

சி.டி. மேஜையிலேயே மாமாவைக் குப்புறப் படுக்க வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து, கறுப்பு வளையம் இருந்த இடத்துக்கு நீண்ட ஊசியை இறக்கித் திசு எடுத்தார்கள். நம் நாட்டு வழக்கப்படி முதல் சந்தேகம் காசநோய். அந்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. மற்றக் கிருமிகளுக்கு வைத்த வளர்ப்புச் சோதனையைப் பதினான்கு நாள் மூடக்கூடாது என்று டாக்டர் பரிசோதனைக்கூடத்தில் சொல்லி வைத்தார். இரண்டு மூன்று நாளில் "ஒன்றும் வளரவில்லை" என்று தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால், மெதுவாக வளரும் கிருமிகள் தப்பித்துவிடுமாம். எட்டாவது நாள் பதில் வந்தது. ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்.

உடைந்த எலும்பு அதற்குள் கூடிவிட்டிருந்தது மாமாவின் அதிர்ஷ்டம். கூடாமலிருந்தால் திருகாணியை எடுக்கவும் முடியாது, வைத்திருக்கவும் பயம்; அது பெரிய இக்கட்டு. ஆறையும் கழற்றி, கழுவிச் சுத்தம் செய்து, மூன்று மாதம் மருந்து கொடுத்தார்கள். முதல் ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை உதவியது. இரண்டாவதற்கு இரண்டு மாடும், மலைச் சரிவில் இருந்த கொஞ்சம் நிலத்தின் மேல் வாங்கிய கடனும் போயின. ஐப்பசியிலேயே பிடித்திருந்தால் இத்தனை ஆகியிருக்காது என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. கடனை நான் அடைத்தேன். மாடு போனது போனதுதான்.

மாமா இப்போது நடக்கிறார், சாமைக் காட்டுக்குப் போகிறார். குனிந்து கிழங்கு பிடுங்க முடியாது. கழற்றிய திருகாணிகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

2019 நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. சிறுவங்கூரில் கட்டிய அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. மலையிலிருந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வெளியூர் ஓடிய காலத்தை நினைத்தால் எனக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. ஆனால் நான் பார்த்த வரையில், ஆபரேஷன் எங்கே நடந்தாலும் நோயாளி திரும்பி வருவது மலைக்குத்தான். எட்டு மாதம் கழித்து ராத்திரி வலிக்கும்போது அவர் போன் செய்வது டாக்டருக்கு இல்லை, படித்த மருமகனுக்கு.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மாமா கேட்டார்: "ஏன் மாப்ள, இத்தனை மிசின் வச்சிருக்கீங்களே, கிருமிய மட்டும் நேரா காட்டற மிசின் இன்னுமா வரல?"

வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2014-ல் ஒரு புதுச் சர்க்கரை செய்தார்கள். எஃப்.டி.ஜி.யை எடுத்து எளிய ரசாயன மாற்றத்தால் எஃப்.டி.எஸ். ஆக்கியது. அதை மனித செல் சாப்பிடாது. குடலில் வாழும் ஈ.கோலை இனக் கிருமிகள் மட்டும் சாப்பிடும். அந்தக் கிருமி இருந்தால் ஒளிரும், வெறும் வீக்கம் ஒளிராது. ஆனால் மாமாவைப் படுத்திய ஸ்டஃபிலோகாக்கஸ் அந்தச் சர்க்கரையைத் தொடாது.

"அப்போ நம்ம ஆளுக்கு இன்னும் வரலன்னு சொல்லு" என்றார்.

"வரல மாமா."

சந்திப்பு அன்று மாமாவின் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களை அவருடைய அனுமதியோடு கொண்டு வருகிறேன். ஐப்பசியில் நான் செல்போனில் பார்த்த அதே எக்ஸ்ரேயும் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு இ.சி.இ. லேபில் இருப்பேன். கீழேயிருந்து இரண்டாவது திருகாணியின் இடது ஓரத்தைப் பாருங்கள். இப்போது பார்க்கும்போது அங்கே ஏதோ இருக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது. தெரிந்துகொண்ட பிறகு பார்ப்பதாலா, அப்போதே இருந்ததா என்று உங்களில் யாராவது சொல்லுங்கள்.